ஈயச் சுரங்கமும் இரண்டு ஆறுகளும்: கார்டிகன்ஷயர் நன்னீர் விலங்குகள் மீதான கன உலோக மாசு ஆய்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வேல்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியான கார்டிகன்ஷயரில் ஓடும் ரைடால், அஸ்ட்வித் ஆகிய ஆறுகள் 19ஆம் நூற்றாண்டின் ஈயச் சுரங்கத் தொழிலால் உயிரற்றுப் போயின. 1919ஆம் ஆண்டு முதல் கேத்லீன் கார்ப்பென்டரும், பின்னர் ஜே.ஆர். எரிக்சன் ஜோன்ஸும் இவ்வாறுகளின் விலங்குகளை ஆராய்ந்தனர். கன உலோகம் நன்னீர் விலங்குகளைப் பாதிக்கும் முறை பற்றிய அறிவியலின் தொடக்கப் பக்கங்களுள் இவ்வாய்வுகள் இடம்பெறுகின்றன. ஈயத்தின் மீது சுமத்தப்பட்ட பழி பின்னர் துத்தநாகத்தின் மீது திரும்பிய போதிலும், ஆற்றுப் படுகையிலிருந்து எடுக்கப்பட்ட விலங்குப் பட்டியல் தன் சான்று மதிப்பை இழக்கவில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குறிச்சொற்கள்: கன உலோகம், ஈயம், துத்தநாகம், நன்னீர் விலங்குகள், அறிவியல் வரலாறு, கேத்லீன் கார்ப்பென்டர், வேல்ஸ்.

முன்னுரை

கன உலோக மாசு குறித்த ஆய்வேடுகள் பெரும்பாலும் மினமாட்டாவில் தொடங்குகின்றன. ஜப்பானின் அக்கடற்கரை ஊரில் 1956இல் அறியப்பட்ட பாதரச நோய் மனித உயிர்களைப் பறித்தது. ஆகவே அது உலகின் கவனத்தைப் பெற்றது இயல்பே. ஆயினும், மனிதன் நோயுறுவதற்கு முன்பே நீரிலுள்ள சிற்றுயிர்கள் மறைந்துவிடுகின்றன என்ற உண்மையும், அம்மறைவை எண்ணிக் கணக்கிட்டுச் சான்றாக முன்வைக்க முடியும் என்ற எண்ணமும் அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் முன்னரே ஒரு சிறிய வேல்ஸ் கல்லூரியில் உருப்பெற்றிருந்தன. கடலிலன்றி நன்னீரிலும், பாதரசத்திலன்றி ஈயத்திலும் துத்தநாகத்திலும் தொடங்கிய அவ்வரலாறு தமிழ் ஆய்வுலகில் போதிய அளவு பேசப்படவில்லை.

அதனை மீட்டுச் சொல்வது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் ஆறு கெட்டுவிட்டது என்பதற்கு எது சான்று என்ற வினா இவ்வரலாற்றின் உள்ளே இருக்கிறது. நீரில் கரைந்த உலோகத்தின் அளவா, கண்ணாடித் தொட்டியில் மடியும் மீனா, அல்லது படுகைக் கல்லின் அடியில் இருக்க வேண்டிய நத்தை அங்கே இல்லாமையா? இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்தன. இவற்றுள் எதனை நம்புவது என்பதைப் பொறுத்தே மாசுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதும் முடிவாகிறது.

சுரங்கமும் நீரும்

கேம்பிரியன் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் தோன்றும் ரைடால், அஸ்ட்வித் ஆகிய இரண்டும் அபரிஸ்ட்வித் நகரில் ஒன்றையொன்று நெருங்கிக் கடலில் கலக்கின்றன. ‘அஸ்ட்வித்தின் முகத்துவாரம்’ என்பதே அந்நகரப் பெயரின் பொருள். இவ்வாறுகள் பாயும் மலைகளில் உலோகம் எடுக்கும் தொழில் மிகப் பழமையானது. கூம் அஸ்ட்வித்தின் கோப்பா குன்றில் வெண்கலக் காலச் செம்புச் சுரங்கம் அகழ்ந்தறியப்பட்டுள்ளது. அதன் வயது ஏறத்தாழ 4000 ஆண்டுகள். 17ஆம் நூற்றாண்டில் இங்குக் கிடைத்த ஈயத் தாதிலிருந்து வெள்ளி பிரிக்கப்பட்டது. அவ்வெள்ளியைக் கொண்டு 1637இல் அபரிஸ்ட்வித் கோட்டையில் நாணயச் சாலையும் நிறுவப்பட்டது. எனினும் ஆறுகளின் உயிர்நிலையை மாற்றியமைத்தது 19ஆம் நூற்றாண்டின் பெருந்தொழிலே. கூம் அஸ்ட்வித், ஃப்ரான்கோக், கொகினன் முதலிய சுரங்கங்கள் அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் உச்சத்தில் இருந்தன. வெளிநாட்டு ஈயம் மலிவாக வந்திறங்கிய பின் அவை ஒவ்வொன்றாகத் தளர்ந்து, முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் ஓய்ந்தன.

தாதைப் பிரிக்கும் முறையே மாசின் மூலம் என்பதால் அதனைச் சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது. சுரங்கத்திலிருந்து வரும் பாறையில் கலீனா எனப்படும் ஈய சல்பைடும், ஸ்பேலரைட் எனப்படும் துத்தநாக சல்பைடும், பயனற்ற கல்லும் கலந்திருக்கும். இப்பாறையை நொறுக்கி ஓடும் நீரில் அலசினால் எடை மிகுந்த ஈயத் தாது கீழே தங்கும். எடை குறைந்தவை அடித்துச் செல்லப்படும். ஆகவே நீரின்றி இத்தொழில் இல்லை. நீர்ச் சக்கரத்தை இயக்கவும் தாதை அலசவும் ஒரே ஓடை பயன்பட்டது; அலசிய பின் சாம்பல் நிறச் சேற்றுடன் அது ஆற்றில் விடப்பட்டது. நீண்ட காலம் துத்தநாகத்திற்குச் சந்தை விலை இல்லாமையால் அதன் தாது கழிகல்லோடு சேர்த்துக் குவிக்கப்பட்டது. ஈயத்தைத் தேடியவர்கள் துத்தநாகத்தைக் குப்பையாக எறிந்தனர். அக்குப்பையே பிற்காலத்தில் ஆற்றின் பெரும்பகையாக மாறியது.

சல்பைடுத் தாதுக்கள் நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை எளிதில் கரைவதில்லை. நொறுக்கப்பட்டு மேற்பரப்பில் குவிக்கப்பட்டதும் உயிர்வளியும் மழையும் அவற்றைத் தாக்குகின்றன. துத்தநாக சல்பைடு சல்பேட்டாக மாறி நீரில் தாராளமாகக் கரைகிறது. ஈய சல்பேட்டின் கரைதிறன் மிகக் குறைவு. ஆயினும் மென்னீரில், அதிலும் சிறிது அமிலத்தன்மை கொண்ட மலை நீரில், உயிர்களைக் கொல்லப் போதுமான அளவு ஈயம் கரைந்துவிடும். கார்டிகன்ஷயரின் பழம்பாறைகளில் சுண்ணாம்பு அரிது. இவ்வாறுகளின் நீர் மிக மென்மையாக இருந்ததற்கு இதுவே காரணம். இக்குறிப்பு பின்னர் முதன்மை பெறும்.

சட்டத்தின் பார்வையில் மீன்

1868இல் அமைக்கப்பட்ட ஆற்று மாசு ஆணையம் தன் 5ஆவது அறிக்கையை 1874இல் வெளியிட்டது. சுரங்கங்களாலும் உலோகத் தொழில்களாலும் நிகழும் மாசு குறித்த அறிக்கை அது. சுரங்க நீர் கலந்த ஓடைகளில் மீன் அழிந்தமையும், வெள்ளம் வடிந்த பின் வயலில் படிந்த ஈயச் சேறு ஒட்டிய புல்லை மேய்ந்த கால்நடைகளும் கோழிகளும் மடிந்தமையும் அதில் பதிவாகியுள்ளன. அரசு அறியாமையால் வாளாவிருந்தது என்று கூற இடமில்லை.

அறிந்த பின் இயற்றப்பட்ட சட்டமே வியப்பளிக்கிறது. 1861ஆம் ஆண்டின் சால்மன் மீன்பிடிச் சட்டம் மீன் வாழும் நீரில் நச்சுப்பொருள் விடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் நியாயமான செலவில் இயன்ற சிறந்த வழியைக் கையாண்டதாக மெய்ப்பிப்பவருக்கு விலக்கும் அளித்தது. 1876ஆம் ஆண்டின் ஆற்று மாசுத் தடுப்புச் சட்டமும் இவ்விலக்கைச் சுரங்கத் தொழிலுக்கு நிலைப்படுத்தியது. தொழிற்சாலை, சுரங்க மாசு தொடர்பான நடவடிக்கைக்கு உள்ளாட்சி வாரியத்தின் முன் இசைவு தேவைப்பட்டது. தொழில் நடைபெறும் ஊர்களில் அத்தொழிலுக்குக் குறிப்பிடத்தக்க கேடு நேராது என்று தெளிந்த பின்னரே வாரியம் இசைவு தரலாம் என்றும் விதிக்கப்பட்டது. சுருங்கக் கூறின், ஆற்றின் நலம் தொழிலின் நலத்திற்கு உட்பட்டதாக வரையறுக்கப்பட்டது. சட்டம் மீனை ஒரு பிடிபொருளாகவே கண்டது. சந்தையில் விலைபோகாத நத்தையும் புழுவும் பூச்சியும் அதன் பார்வைக்குள் வரவேயில்லை.

ஆகவே சுரங்கங்கள் ஓய்ந்தபோது சிக்கலும் ஓயும் என்று எதிர்பார்க்கப்பட்டதில் வியப்பில்லை. ஆறு தெளிந்த நிறத்தில் ஓடத் தொடங்கியது; உயிர்கள் உடனே திரும்பவில்லை. தெளிந்த நீரில் மீன் ஏன் இல்லை என்ற வினாவே கார்ப்பென்டரை ஆற்றுக்கு இட்டுச் சென்றது எனலாம்.

கார்ப்பென்டரின் பட்டியல்

கேத்லீன் கார்ப்பென்டர் 1891இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கெயின்ஸ்பரோ நகரில் பிறந்தவர். குடும்பப் பெயர் சிம்மர்மன். ஜெர்மானிய எதிர்ப்புணர்வு மேலோங்கிய முதல் உலகப் போர்க் காலத்தில் அப்பெயர் அதன் ஆங்கில இணையான கார்ப்பென்டர் ஆயிற்று. இரண்டிற்கும் ‘தச்சர்’ என்பதே பொருள். அபரிஸ்ட்வித்தில் 1872இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆய்வு மேற்கொண்டார். அப்போது விலங்கியல் துறையில் பணியாற்றிய ஆர். டக்ளஸ் லாரி, 1919இல் பிரிட்டனின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் உருவாவதற்கு முன்னின்றவர் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது.

கார்ப்பென்டரின் முதன்மைக் கட்டுரை 1924இல் பயன்முறை உயிரியல் ஆண்டிதழில் வெளிவந்தது. அபரிஸ்ட்வித் வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்களால் மாசுற்ற ஆறுகளின் விலங்குகள் பற்றியது அக்கட்டுரை. அவர் கையாண்ட முறை எளியது. ஆற்றின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு பருவங்களில் கற்களைப் புரட்டியும் வலையிட்டும் கிடைத்த உயிர்களை இனம் கண்டு பட்டியலிட்டார். மாசுறாத ஓடைகளின் பட்டியலோடு அதனை ஒப்பிட்டார். ரைடால் ஆற்றில் தொடக்கத்தில் அவர் கண்டவை 14 இனங்கள் மட்டுமே. 1922-23இல் அவ்வெண்ணிக்கை 29 ஆயிற்று.

எண்ணிக்கையினும் எவை இருந்தன, எவை இல்லை என்பதே கூடுதலாகப் பேசியது. மீன் இல்லை. நத்தை முதலிய மெல்லுடலிகள் இல்லை. நன்னீர் இறால் போன்ற ஓட்டுடலிகள் இல்லை. அட்டைகளும் தட்டைப் புழுக்களும் வளையப் புழுக்களும் இல்லை. எஞ்சியிருந்தவை பெரும்பாலும் பூச்சிகளின் நீர்வாழ் இளம்பருவங்கள்: மே ஈ, கல் ஈ ஆகியவற்றின் நிம்ஃபுகளும் சில கொசுவினப் புழுக்களும். இம்மறைவு ஒழுங்கற்றதன்று, விலங்குத் தொகுதிகளின் வரிசையில் ஒரு தெளிவான கோடு இழுக்கப்பட்டதைப் போன்றது. மென்மையான, ஈரமான, கோழை சுரக்கும் உடற்பரப்பு கொண்டவை ஒரு பக்கமும், கைட்டின் புறத்தோல் போர்த்தவை மறுபக்கமும் பிரிந்து நின்றன. ஓட்டுடலிகள் இப்பாகுபாட்டிற்குள் அடங்கவில்லை. புறஓடு இருந்தும் அவை மறைந்தமை, ‘தோல் காக்கும்’ என்ற விளக்கம் முழுமையன்று என்பதைக் காட்டுகிறது.

இதனினும் மதிப்புடையது மீட்சியின் வரிசை பற்றிய அவர் கண்டறிவு. மாசு குறையத் தொடங்கியதும் உயிர்கள் எல்லாம் ஒருங்கே திரும்புவதில்லை. முதலில் லெமேனியா, பேட்ராகோஸ்பெர்மம் ஆகிய நன்னீர்ச் சிவப்புப் பாசிகளும் சில பூச்சி இளம்பருவங்களும் தோன்றுகின்றன. அடுத்துப் பச்சைப் பாசிகள் பெருகி, அவற்றை உண்ணும் உயிர்களும் அவற்றிடையே ஒளியும் உயிர்களும் வருகின்றன. மெல்லுடலிகளும் மீனும் இறுதியிலேயே வருகின்றன. ஓர் ஆற்றின் எந்தப் பகுதியிலும் கற்களைப் புரட்டி, அங்குள்ள உயிர்த்தொகுதியைக் கொண்டு அப்பகுதி மீட்சியின் எந்தப் படியில் நிற்கிறது என்று கூற இயலும் என்பது இதன் உட்கிடை. இன்று உயிர்ச்சுட்டி முறை என்று நம் பாடநூல்கள் கற்பிக்கும் கருத்தின் உலோக மாசு சார்ந்த தொடக்க வடிவம் இங்கே தெளிவாக உள்ளது. கழிவுநீர் சார்ந்த சுட்டிகளை ஜெர்மனியில் கோல்க்விட்ஸும் மார்சனும் 1908-09இலேயே வகுத்திருந்தனர். ஆனால் கழிவுநீர் ஆற்றில் புழுக்கள் பெருகும். உலோக ஆற்றில் அதே புழுக்கள் மறையும். ஒரு மாசுக்கு வகுத்த சுட்டியை மற்றொன்றிற்குப் பொருத்தினால் நச்சாற்றைத் தூய ஆறு என்று மதிப்பிடும் பிழை நேரும். கார்டிகன்ஷயர்ப் பட்டியலின் தனிச்சிறப்பு இதில் உள்ளது.

கண்ணாடித் தொட்டியில் நிகழ்ந்தது

ஈயம் மீனைக் கொல்கிறது என்றால் எவ்வாறு கொல்கிறது? நுண்துகள் கலந்த சேறு செவுளை அடைத்து மூச்சை நிறுத்துகிறதா, அல்லது கரைந்த உலோகம் நஞ்சாகிறதா? இது வெறும் ஆய்வக ஐயமன்று. சேறே காரணம் எனில், வண்டலைத் தேக்கித் தெளியவிடும் குட்டைகள் போதும். கரைந்த உலோகம் காரணம் எனில் அவை போதா. கார்ப்பென்டரின் 1925, 1927ஆம் ஆண்டுக் கட்டுரைகள் இவ்வினாவை எடுத்துக்கொண்டன. துகள் இல்லாத தெளிந்த கரைசலில் கூட மீன்கள் மடிந்தன. மின்னோ என்னும் சிறுமீனும், முதுகில் முட்கள் கொண்ட ஸ்டிக்கில்பேக்கும், டிரவுட்டும் அவர் சோதனைகளுக்கு உட்பட்டன.

மடியும் மீனின் செவுளில் அவர் கண்டது ஒரு மெல்லிய படலம். செவுள் சுரக்கும் கோழையோடு உலோக அயனி வினைபுரிந்து அதனைத் திரளச் செய்கிறது. திரண்ட படலம் செவுளை மூடுகிறது. நீரில் உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறி இறக்கிறது. உரிய நேரத்தில் தூய நீருக்கு மாற்றப்பட்ட மீன் அப்படலத்தை உதிர்த்துத் தேறிவிடுவதும் உண்டு. உலோகம் உடலினுள் சென்று நஞ்சாவதில்லை, புறத்தே நின்று மூச்சை அடைக்கிறது என்பதே அவர் முடிவு.

இவ்விளக்கம் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நின்றது. 1960இல் ஆர். லாயிட் வானவில் டிரவுட் மீன்களில் துத்தநாகச் சோதனை நிகழ்த்தி, கொல்லும் அளவு துத்தநாகம் செவுளின் மேல்தோல் செல்களையே சிதைக்கிறது என்று காட்டினார். கோழைப் படலம் மிகு செறிவில் நிகழ்வது. ஆற்றில் காணும் குறைந்த செறிவில் நிகழ்வது வேறு. அதன்பின் வந்த உடலியங்கியல் ஆய்வுகள், செவுள் மூச்சுறுப்பு மட்டுமன்று, உப்புச் சமநிலையைக் காக்கும் உறுப்பும் ஆகும் என்ற அடிப்படையில் விளக்கத்தை மேலும் நகர்த்தின. துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் மீன் கால்சியத்தை உள்ளிழுக்கும் வாயிலில் போட்டியிடுகின்றன. செம்பு சோடியம் உள்ளே வரும் வழியைத் தடுக்கிறது. நன்னீர் மீனின் குருதி தன்னைச் சூழ்ந்த நீரைக் காட்டிலும் உப்பு மிகுந்தது; ஆகவே அது ஓயாமல் உப்பை இழந்துகொண்டும் ஈட்டிக்கொண்டும் இருக்கிறது. ஈட்டும் வழி அடைபட்டால் மூச்சுத் திணறாமலேயே அது மடியும். கடல் மீனுக்கு இவ்விடர் இவ்வடிவில் இல்லை. கன உலோகம் நன்னீர் விலங்கின்மேல் இத்துணைக் கடுமையாக விழுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

ஜோன்ஸும் இரண்டாம் உலோகமும்

ஜே.ஆர். எரிக்சன் ஜோன்ஸ் 1930களில் அபரிஸ்ட்வித்தில் பணியைத் தொடர்ந்தார். 1938இல் லாரியும் அவரும் இணைந்து எழுதிய கட்டுரை ரைடால் ஆற்றின் மீட்சியைப் பதிவு செய்தது. 1931-32இல் அங்குக் காணப்பட்ட இனங்களின் எண்ணிக்கை நூற்றைக் கடந்திருந்தது. 14இல் தொடங்கிய பட்டியல் பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இவ்வளவு நீண்டமை, ஓர் ஆறு வாய்ப்புக் கிடைத்தால் எவ்வளவு விரைவில் மீளும் என்பதற்கு அரிய வரலாற்றுச் சான்று. முதல் பட்டியல் இல்லாதிருந்தால் இம்மீட்சியை எவரும் அறிந்திருக்க இயலாது என்பதையும் மறத்தலாகாது.

அஸ்ட்வித் அவ்வாறு மீளவில்லை. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகள், ஒரே வகைப் பாறை, ஒரே வகைத் தொழில், ஏறத்தாழ ஒரே காலத்தில் ஓய்ந்த சுரங்கங்கள். எனினும் ஒன்று உயிர் பெற்றது, மற்றொன்று பெறவில்லை. 1940இல் ஜோன்ஸ் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே விடையைச் சொன்னது: அதில் அஸ்ட்வித் ‘துத்தநாகத்தால் மாசுற்ற ஆறு’ என்று குறிக்கப்பட்டது. ஆற்றங்கரையிலும் கிளையோடைகளின் கரையிலும் கிடந்த பெருங்குவியல்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் துத்தநாகம் கரைந்து இறங்கியது. அதே ஆண்டில் ரைடாலின் கிளையான மெலின்டூரை அவர் ‘ஈயத்தால் மாசுற்றது’ என்றே விவரித்தார். அதாவது, ஒரே வட்டாரத்தின் இரு நீரோட்டங்களில் இரு வேறு உலோகங்கள் குற்றவாளிகள். 18 ஆண்டுகள் கழித்து, 1958இல் அஸ்ட்வித்தை மீண்டும் ஆராய்ந்து எழுதியபோதும் அதே அடைமொழியை அவர் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையை ஆறும் தரவில்லை.

கார்ப்பென்டர் தவறினார் என்று இதனைச் சுருக்கிக் கூறுவாருண்டு. அவ்வாறு கூறுதல் பொருந்தாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ‘ஈயச் சுரங்கம்’ என்ற பெயரே அக்கால அறிஞர்களின் பார்வையை ஈயத்தின்மேல் நிறுத்தியது. தொழிலில் மதிப்புப் பெற்ற உலோகமே மாசிலும் முதன்மை பெற்றிருக்கும் என்ற எண்ணம் இயல்பாக எழுவது. மேலும், நீரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த உலோகத்தை அளவிடுவது அன்று கடினம். வேதியியல் தடுமாறிய அந்நிலையில் விலங்குப் பட்டியல் தடுமாறவில்லை. நத்தையும் இறாலும் அட்டையும் மீனும் இல்லை என்ற பதிவு, காரணம் ஈயமாயினும் துத்தநாகமாயினும், உண்மையே. குற்றவாளியின் பெயர் மாறியது; குற்றம் நிகழ்ந்தது என்பது மாறவில்லை. ஜோன்ஸின் திருத்தம் கார்ப்பென்டரின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே எழுந்தது என்பதும் நோக்கத்தக்கது.

ஜோன்ஸின் ஆய்வகப் பணியில் இரண்டு செய்திகள் இங்கு இன்றியமையாதவை. ஒன்று, கால்சியம். மிக மென்மையான நீரில் ஸ்டிக்கில்பேக்கைக் கொல்லும் செறிவு ஈயத்திற்கு லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராமாகவும், துத்தநாகத்திற்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராமாகவும் இருக்க, அதே நீரில் கால்சியத்தைக் கூட்டியபோது நச்சுத்தன்மை பெரிதும் தணிந்தது. சுண்ணாம்புப் பகுதியில் தாங்கத்தக்க உலோக அளவு, கார்டிகன்ஷயர் போன்ற மென்னீர்ப் பகுதியில் கொலையளவாகிறது. ஆகவே நாடு முழுமைக்கும் ஒரே பாதுகாப்பு எல்லை வகுப்பது அறிவியல் அடிப்படையற்றது. இன்று பல நாடுகளின் நீர்த் தர விதிகள் உலோக எல்லையை நீரின் கடினத்தன்மையோடு இணைத்து வரையறுப்பதற்கு இத்தகைய சோதனைகளே வழிவகுத்தன.

மற்றொன்று, மீனின் விலகல். ஒரு குழாயின் ஒரு பாதியில் தூய நீரும் மறுபாதியில் உலோகக் கரைசலும் ஓடுமாறு அமைத்து, மீன் எப்பக்கம் நிற்கிறது என்று ஜோன்ஸ் 1940களில் நோக்கினார். சில கரைசல்களை மீன் உணர்ந்து விலகியது. சிலவற்றை உரிய நேரத்தில் உணரத் தவறியது. இதன் உட்பொருள் ஆழமானது. ஆற்றில் மீன் இல்லை எனில் அது இறந்ததாகவும் இருக்கலாம், விலகிப் போனதாகவும் இருக்கலாம். விலகிச் செல்லும் மீன் கரையில் பிணமாக ஒதுங்குவதில்லை. செத்து மிதக்கும் மீனை மட்டுமே மாசின் சான்றாக ஏற்கும் சட்டமும் செய்தியும் இவ்வகை இழப்பை எக்காலத்தும் காணப்போவதில்லை. நத்தைக்கோ விலகிச் செல்லும் வாய்ப்பும் இல்லை.

நம் பல்கலைக்கழக விலங்கியல் துறைகளில் 96 மணி நேர நச்சுச் சோதனை இன்றளவும் ஆய்வேடுகளின் வழக்கமான முதல் இயலாக இருந்து வருகிறது. கெளுத்தியையோ திலேப்பியாவையோ தொட்டியிலிட்டு, பாதி மீன்கள் மடியும் செறிவைக் கணக்கிடும் அம்முறை கார்ப்பென்டரும் ஜோன்ஸும் நடந்த தடத்திலிருந்து வந்ததே. அவர்களோ தொட்டியோடு நிற்கவில்லை. ஆற்றில் இறங்கிக் கற்களையும் புரட்டினர். தொட்டிச் சோதனை ஆற்றாய்விலிருந்து பிரிந்து தனித்து வளர்ந்ததை முன்னேற்றம் என்று மட்டும் கொள்ள இயலவில்லை.

மறதியும் மீள்நினைவும்

கார்ப்பென்டரின் ‘உள்நாட்டு நீர்நிலைகளில் உயிர்வாழ்க்கை’ என்னும் நூல் 1928இல் வெளிவந்தது. பிரிட்டனில் நன்னீர்ச் சூழலியலுக்கென எழுதப்பட்ட தொடக்கப் பாடநூல்களுள் அது முதன்மையானது. அதன்பின் அவர் வட அமெரிக்காவில் சில காலம் பணியாற்றி, பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1970இல் மறைந்தார். ஹைன்ஸ் 1960இல் எழுதிய மாசுற்ற நீரின் உயிரியல் பற்றிய நூலிலும், ஜோன்ஸ் 1964இல் எழுதிய மீனும் ஆற்று மாசும் பற்றிய நூலிலும் கார்டிகன்ஷயர் ஆறுகள் செவ்வியல் எடுத்துக்காட்டுகளாக நிலைபெற்றன. ஆறுகள் நினைவிலிருந்தன; அவற்றை முதலில் படித்தறிந்த பெண்ணின் வாழ்க்கை அண்மைக் காலத்தில்தான் வேல்ஸில் மீண்டும் எழுதப்படுகிறது.

உரிமையாளர் இல்லா மாசு

வேல்ஸ் நாட்டில் கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்கள் ஏறத்தாழ 1300. அவற்றுள் நீரை மிகுதியும் கெடுக்கும் 50 இடங்கள் 2002ஆம் ஆண்டின் உலோகச் சுரங்கத் திட்டத்தில் அடையாளம் காணப்பட்டன. இவற்றின் மாசுக்கு எவரைக் கேட்பது? சுரங்கத்தை நடத்திய நிறுவனங்கள் பல 19ஆம் நூற்றாண்டிலேயே கலைந்துவிட்டன. பிரிட்டனின் நீர்ச் சட்டமோ, கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து நீர் வெளியேற விட்டமைக்காக உரிமையாளரைக் குற்றவாளியாக்குவதில்லை என்ற விலக்கை நெடுங்காலம் வைத்திருந்தது. 1995ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் அவ்விலக்கை நீக்கியது. ஆனால் 1999 டிசம்பர் 31க்குப் பின் கைவிடப்படும் சுரங்கங்களுக்கு மட்டும். கார்டிகன்ஷயர்ச் சுரங்கங்கள் அனைத்தும் அந்நாளுக்கு நெடுங்காலம் முன்னரே மூடப்பட்டவை. 1876இல் தொழிலின் நலனுக்காகத் தரப்பட்ட விலக்கு, தொழில் அழிந்து நூற்றாண்டு கடந்த பின்னும் வேறு வடிவில் நீடித்தது எனலாம். சீரமைப்புச் செலவு பொதுப்பணத்தின்மேல் விழுகிறது.

ஃப்ரான்கோக்கில் கழிவுக் குவியலைத் தொட்டு ஓடிய ஓடையை வேறு வழியில் திருப்பியும், குவியல்களை மண்ணிட்டு மூடியும் அண்மை ஆண்டுகளில் பணிகள் நடைபெற்றுள்ளன. இவற்றால் கரைந்திறங்கும் உலோகம் குறையும். ஆனால் ஆற்றுப் படுகையிலும் வெள்ளச் சமவெளியிலும் ஏற்கெனவே படிந்துவிட்ட உலோகத்தை ஓடையைத் திருப்பி அகற்ற இயலாது. 2012 ஜூனில் மத்திய வேல்ஸில் பெருவெள்ளம் வந்தபோது அவ்வண்டல் மீண்டும் கிளர்ந்து மேய்ச்சல் நிலங்களில் படிந்தது. அந்நிலங்களில் அறுத்துச் சேமித்த தீவனத்தில் ஈயம் இருந்தமையும் கால்நடைகள் நஞ்சுண்டமையும் பின்னர் ஆய்விதழில் பதிவாயின. 1874ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள அதே ஈயம், அதே ஆறுகளின் கரை, அதே புல்.